‘தி ஜெர்மன் செனட்டர்’ தமிழில் ஒலிக்கத் துணைநின்றவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

அமெரிக்காவின் வாட்வில் என்னும் பல்சுவை நிகழ்ச்சி மேடைக்காக ஆரன் ஹாஃப்மன் எழுதி, கிளிஃப் கார்டன் பேசி நடித்த ‘தி ஜெர்மன் செனட்டர்’ என்னும் தனிப்பேச்சின் ஒரு பகுதியைச் சென்ற மாதம் எங்கள் நூலக மாடியில் தமிழில் வாசித்தோம். அதற்குத் துணைநின்ற அனைவருக்கும் நன்றி சொல்வதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

நடிகர்கள் பெயர்பெற்ற அந்தக் கலையில் எழுதிக்கொடுத்தவர்கள் மறக்கப்பட்டதே மிகுதி. பிரெட் பேஜ் 1915இல் வெளியிட்ட ‘ரைட்டிங் ஃபார் வாட்வில்’ கையேடு, எழுதும் முறையை விளக்கியதோடு நில்லாமல் இந்தப் பேச்சையும் முழுமையாகச் சேர்த்து வைத்தது. பழைய நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் குட்டன்பர்க் திட்டத்தில் அதை மின்னூலாக்கிய தன்னார்வலர்கள் இல்லையேல் அது என் கண்ணில் பட்டிருக்காது. அவர்களுக்கு என் முதல் வணக்கம்.

அக்கால நூல்கள் இப்படிப் பேசி நடித்த நகைச்சுவை நடிகர்களை ‘டச்சு’ என்று குறிப்பதைக் கண்டு, நெதர்லாந்துக்காரர் என்றே முதல் வரைவில் குறிப்பெழுதியிருந்தேன். அச்சொல் அங்கே, ஜெர்மன் என்று பொருள்படும் ‘டாய்ச்’ என்பதோடு உறவுடையது என்றும், ஜெர்மானியக் குடியேறிகளின் பேச்சையே குறித்தது என்றும், அப்பாணியில் புகழ்பெற்ற நகைச்சுவை இணையரான வெபர், ஃபீல்ட்ஸ் இருவரும் போலந்து யூதக் குடியேறிகளின் பிள்ளைகள் என்றும் பொறுமையாக விளக்கித் திருத்திய தோழிக்கு நான் பெரிதும் கடன்பட்டிருக்கிறேன். இந்தப் பேச்சின் சிரிப்பு, வந்து குடியேறியவரின் உச்சரிப்பில் இருப்பதைவிட, பெரிய சொற்களை இடம்மாற்றிக் கொட்டும் அரசியல் மேடைப்பேச்சில்தான் இருக்கிறது என்ற தெளிவும் அவருடன் பேசியபோதே பிறந்தது.

அந்தச் சொல் பிறழ்ச்சிதான் என்னைப் பல வாரங்கள் தடுத்து நிறுத்தியது. கூட்டத்தினருக்கு உரையாற்ற வந்ததாகச் சொல்லவேண்டிய பேச்சாளர், ‘அட்ரஸ்’, ‘அன்ட்ரஸ்’ என்னும் ஆங்கிலச் சொற்களின் ஒலி ஒற்றுமையால் அவர்களுடைய ஆடையைக் களைய வந்ததாகச் சொல்லிவிடுகிறார். நேராக மொழிபெயர்த்தால் ஒலி போய்விடும். ஒலியைக் காத்தால் பொருள் போய்விடும். என் பழைய தமிழாசிரியர் ஐயா தாளை வாங்கி இருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு, “உங்கள் முன் உடைமாற்ற வந்திருக்கிறேன்” என்று எழுதிக் கொடுத்தார். ‘உரையாற்ற’ என்பதற்கு அத்தனை அருகில் அப்படியொரு சொல் இருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

வாசித்த நாடக நண்பர் அந்த வரிக்குப் பின் நான்கு நொடிகள் அசையாமல், முகத்தில் சிறிதும் மாற்றமின்றி நின்றார். எழுத்தில் நான் விட்டுவைக்காத அந்த இடைவெளியைத் தம் அனுபவத்தால் கண்டுகொண்ட அவருக்கும், அதற்குள் சிரிப்பை நிரப்பிய அவையினருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. திருத்திய படியை நூலகத்தில் வைத்திருக்கிறேன்; ஐயா கைப்பட எழுதிய அந்தத் தாளும் அதனுடன் இருக்கிறது.

நன்றியுடன்,
மொழிபெயர்த்தவர்