ரெக்கார்ட் நோட்டைக் கொண்டுவந்து தந்த அண்ணனுக்கு

பெயர் தெரியாது, முகமும் சரியா ஞாபகமில்ல. அதனாலதான் இங்க எழுதுறேன்.

நான் பிளஸ் டூ. விடியக்காலம் தோவாளைப் பூச்சந்தையில ஒரு கடையில மூட்டை இறக்கி, எடை போடுற வேலை. அப்புறம் பள்ளிக்கூடம். சாயங்காலம் நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்துல ஓட்டப் பயிற்சி. எப்படிச் சமாளிக்கிறேன்னு கேக்காதீங்க, பாதித் தூக்கம் பஸ்ஸுலதான்.

பிப்ரவரியில ஒரு ராத்திரி, நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டுல ஏறினவன் அப்படியே தூங்கிட்டேன். பக்கத்துல இருந்த அண்ணன்தான் "மக்களே, தோவாளை வந்தாச்சு"ன்னு தட்டி எழுப்பினார். அவசரத்துல இறங்கினதுல இயற்பியல் ரெக்கார்ட் நோட்டு சீட்டுலேயே கிடந்திருக்கு. மறுநாள் செய்முறைத் தேர்வு, 20 மார்க். ராத்திரி முழுக்க அம்மாகிட்டகூடச் சொல்லல.

காலையில சந்தைக்குப் போனா, கல்லாமேல பாலித்தீன் கவர்ல நோட்டு! பக்கத்துக்கு அடையாளமா நான் வச்சிருந்த வாழைநாரைப் பாத்து, பூக்கடைப் பையனாத்தான் இருக்கும்னு கடை கடையா விசாரிச்சாராம். நான் வர்றதுக்குள்ள போயிட்டார்.

பிரிச்சா, டையோடு சோதனையோட மின்சுற்றுப் படத்துல பென்சில்ல ஒரு வட்டம். மின்னோட்டத்தை அளக்கிற மில்லி அம்மீட்டரைத் தொடரிணைப்புல போடாம பக்க இணைப்புல வரைஞ்சிருந்தேன். ஓரத்துல, "இத மாத்து மக்களே."

மாத்திட்டுத்தான் போனேன் அண்ணே. தேர்வுல எனக்கு வந்ததும் அதே டையோடு சோதனைதான். ரொம்ப நன்றி. சந்தைப் பக்கம் வந்தா, பிச்சிப்பூ மூட்டைங்க பக்கத்துல நிப்பேன், ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க.