குவாண்டத்திடம் சான்றிதழ் கேட்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அணு, எலக்ட்ரான் போன்ற நுண்பொருட்களின் நடத்தையைச் சொல்லும் குவாண்டம் இயற்பியலும் ஆன்மிகமும் ஒன்றையே சொல்கின்றன என்று சென்ற வாரம் உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பக்கத்தைத் திருப்பினால், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் குறையும் என்ற உறுதியோடு ஒரு 'குவாண்டம் பதக்கம்' விளம்பரம். கட்டுரை எழுதியவருக்கும் பதக்கம் விற்பவருக்கும் தொடர்பு எதுவும் இருக்காது. ஆனாலும் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு இந்தப் பக்கத்துக்கு வருகிறவருக்கு இரண்டும் ஒரே சரக்காகத்தான் தெரியும்.

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். எங்களுடையது அய்யா வைகுண்டரைப் பின்பற்றும் அய்யா வழிக் குடும்பம். ஞாயிறு தவறாமல் எங்கள் வழிபாட்டிடமான நிழல்தாங்கலுக்குப் போகிறவன். ஆகவே ஒரு நாத்திகர் சண்டைக்குக் கிளம்பிவிட்டார் என்று யாரும் எண்ண வேண்டாம்.

கட்டுரையின் உயிர்நாடி இதுதான்: பார்ப்பவன் இல்லாமல் பொருள் இல்லை என்று குவாண்டம் நிரூபித்துவிட்டது, ஆகவே உணர்வே எல்லாவற்றுக்கும் மூலம். இது எங்கிருந்து முளைத்தது என்பது தெரிந்த கதை. இரண்டு பிளவுகளைக் கடக்கும் எலக்ட்ரான்கள் திரையில் அலைகளைப் போலக் கோடு கோடாகப் படிகின்றன. எந்தப் பிளவு வழியாகப் போனது என்று அறிய ஏற்பாடு செய்தால் கோடுகள் மறைந்துவிடுகின்றன. விசித்திரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டுக்கு மனிதக் கண்ணும் வேண்டாம், மனமும் வேண்டாம். 1999-ல் வியன்னாவில் ஆன்டன் சைலிங்கரின் குழுவினர் 60 கார்பன் அணுக்கள் சேர்ந்த ஒரு பெரிய மூலக்கூறுகூட அலையாக நடந்துகொள்வதைக் காட்டினார்கள். 2004-ல் இதே போன்ற சோதனையில் 70 கார்பன் அணு மூலக்கூறுகளை நன்றாகச் சூடாக்கி அனுப்பினார்கள். சூடான மூலக்கூறு போகிற வழியிலேயே வெப்ப ஒளியை உமிழும். அந்த ஒளி, மூலக்கூறு இருந்த இடத்தின் தடயத்தையும் எடுத்துக்கொண்டு போகும். சூடு ஏற ஏறக் கோடுகள் மங்கின. உமிழ்ந்த ஒளியை ஒருவரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

நியாயமாகச் சொன்னால், உணர்வை இதற்குள் இழுத்துவந்ததில் இயற்பியலாளர்களுக்கும் பங்கு உண்டு. யூஜின் விக்னர் சாதாரண ஆள் அல்ல, நோபல் பரிசு பெற்றவர். துகள் எங்கே இருக்கிறது என்பது போன்ற அளவீடு முடிவுக்கு வருவதில் உணர்வுக்கு இடம் உண்டு என்று 1961-ல் எழுதினார். சுற்றுப்புறத்தோடு ஏற்படும் உரசலே குவாண்டம் குணங்களைக் கரைத்துவிடும் என்று 1970-ல் ஜெர்மனியின் டீட்டர் ட்சே காட்டத் தொடங்கிய பிறகு, விக்னரே தன் பழைய கருத்தைக் கைவிட்டார். நம் ஊரில் அவருடைய 1961-ஐ மேற்கோள் காட்டுகிறவர்கள் அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்வதில்லை. அளவீடு என்றால் என்ன என்பதில் இயற்பியலாளர்களுக்குள் இன்றும் சண்டை ஓயவில்லை என்பதும் உண்மை. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்துவிட்டது என்று அறிவிப்பதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

எனக்கு அதிகமாக வலித்தது, எங்கள் பெரிய வழிபாட்டிடங்களான பதிகளில் உள்ள கண்ணாடியைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியிருந்தது. எங்கள் வழிபாட்டிடங்களில் சிலை கிடையாது, கண்ணாடியும் விளக்கும்தான். கும்பிடப் போகிறவர் தன் முகத்தையே பார்க்கிறார். இதைக் 'குவாண்டம் பார்வையாளர் தத்துவம்' என்கிறார் அவர். பாராட்டாகத்தான் சொல்லியிருக்கிறார், தெரிகிறது. ஆனால் அந்தக் கண்ணாடி எந்தக் காலத்தில் வைக்கப்பட்டது? பெரிய கோயில்களின் தெருவில்கூட நடக்க விடாமல் விரட்டப்பட்ட மக்களின் காலம். பெண்கள் மார்பை மறைக்கக்கூட உரிமை கேட்டுப் போராடி, 1859-ல்தான் திருவிதாங்கூர் அரசு இறங்கிவந்தது. அதற்கு முன்பே, தலைப்பாகை கட்டிக்கொண்டு நிமிர்ந்து வந்து உன்னையே பார் என்று அந்த மக்களை நிறுத்தினார் வைகுண்டர். அதன் பொருள் முழுவதும் இந்த மண்ணின் வரலாற்றில் இருக்கிறது. அதை எலக்ட்ரானோடு முடிச்சுப் போட்டால், கண்ணாடிக்கு முன்னால் நின்றவர்களின் கதை காணாமல் போய்விடும்.

அப்புறம், விவேகானந்தர். கன்னியாகுமரிப் பாறையைக் காட்டாமல் இப்படிப்பட்ட கட்டுரை எதுவும் முடியாது, இதுவும் அப்படியே. ஆனால் அவர் வாழ்விலேயே இந்த விஷயத்துக்கு நேரடியான ஒரு பாடம் இருக்கிறது. 1896 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து எழுதிய கடிதத்தில், ஆற்றலும் பொருளும் ஒன்றுக்குள் அடங்கும் என்று மின் கண்டுபிடிப்பாளர் நிகோலா டெஸ்லா கணிதம் மூலம் காட்டிவிடுவார், அப்போது வேதாந்தத்தின் பிரபஞ்சவியல் உறுதியான அஸ்திவாரத்தில் நிற்கும் என்று நம்பிக்கையோடு குறிப்பிடுகிறார். ஆகாசம் என்று நம் மரபு சொன்னதை ஒளி பரவுவதற்கு ஊடகமாக அன்றைய இயற்பியல் கருதிய ஈதரோடு சேர்த்துப் பார்த்தார். அன்று ஈதர் பெரிய அறிவியல், அதில் தவறு ஒன்றும் இல்லை. என்ன ஆயிற்று? டெஸ்லா அந்த நிரூபணத்தைத் தரவில்லை. 1905-ல் ஐன்ஸ்டீன் வந்தார். ஈதரே தேவையில்லை என்றாகிவிட்டது. பொருளும் ஆற்றலும் ஒன்று என்பதும் அவர் வழியாகவே வந்தது. (டெஸ்லா கடைசிவரை ஐன்ஸ்டீனின் சார்பியலை ஏற்கவில்லை என்பது தனி வேடிக்கை.) ஈதர் போனதால் வேதாந்தம் விழுந்துவிட்டதா? இல்லை, ஏனென்றால் அது ஈதர் மேல் நின்றிருக்கவே இல்லை. இயற்பியல் கோட்பாட்டின் மேல் நம்பிக்கையைக் கட்டுவது, புறம்போக்கில் கோயில் கட்டுவது மாதிரி. நிலம் யாருடையது என்ற கேள்வி ஒருநாள் வந்தே தீரும்.

குவாண்டம் இயற்பியலை உருவாக்கியவர்களில் ஒருவரான ஷ்ரோடிங்கர் உபநிடதங்களைப் படித்தார் என்பதும் கட்டுரையில் இருந்தது. உண்மை, ஆழ்ந்து படித்தார், எழுதவும் செய்தார். ஆனால் தன்னுடைய சமன்பாடு வேதாந்தத்தை நிரூபிக்கிறது என்று அவர் வாதிடவில்லை. குவாண்டத்தின் நிச்சயமின்மையை மனிதனின் சுயவிருப்பத்தோடு இணைக்கச் சிலர் முயன்றபோது அதையும் அவர் ஏற்கவில்லை. 1935-ல் அவர் பேசிய அந்தப் பூனை, அதாவது ஒரு அணு சிதைகிறதா இல்லையா என்பதைப் பொறுத்து உயிர் போகவோ இருக்கவோ கூடிய கற்பனைப் பூனை, உயிரோடும் செத்தும் ஒரே நேரத்தில் இருக்கிறது என்று சொல்ல வந்ததே அல்ல. கோட்பாட்டைப் பெரிய பொருளுக்கும் அப்படியே நீட்டினால் இப்படி ஒரு அபத்தத்தில் கொண்டுவிடுகிறதே என்று காட்ட வந்தது.

'எல்லாமே அலை, எண்ணமும் அலை' என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நடந்தால், எடையும் வேகமும் கூடக் கூட அலைநீளம் குறையும் என்ற டி பிராய் சூத்திரப்படி அவருடைய அலைநீளம் மீட்டர் கணக்கில் புள்ளிக்குப் பின் 34 பூஜ்யம் போட்டு 1. அணுக்கருவே அதன் முன் மலை. எவ்வளவு விலகிப் போனாலும் ஒன்றோடொன்று தொடர்புள்ள முடிவுகளைத் தரும் 'பிணைந்த' துகள்களைக் காட்டித் தொலைதூரத்திலிருந்து நோய் தீர்க்கலாம் என்கிறார்கள். 2022-ன் நோபல் பரிசு அந்தத் துகள்களைப் பற்றிய சோதனைகளுக்குத்தான். அதே கோட்பாடு, அவற்றின் வழியாக ஒரு செய்தியைக்கூட அனுப்ப முடியாது என்றும் சொல்கிறது. செய்தியே போகாதபோது சிகிச்சை எப்படிப் போகும்?

சரி, குவாண்டம் நம் மாவட்டத்தில் எங்கேதான் இருக்கிறது? மணவாளக்குறிச்சிக் கடப்புறத்துக் கருமணலில் இருக்கிறது. அதில் உள்ள மோனசைட் என்ற தாதுவில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் உண்டு. தோரியத்தின் அணுக்கருவிலிருந்து ஆல்ஃபா துகள் வெளியே வருவதற்கு, பழைய இயற்பியலின்படி வழியே இல்லை. தாண்ட வேண்டிய மதில் அதன் ஆற்றலைவிடப் பல மடங்கு உயரம். தாண்டாமல் மதிலுக்கு ஊடாகவே கசிந்து வந்துவிடுகிறது என்று 1928-ல் ஜார்ஜ் காமவ் விளக்கினார். கசிவதற்கான வாய்ப்பு மிக மிகக் குறைவு என்பதால் தோரியத்தின் அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம், சுமார் 1,400 கோடி ஆண்டுகள், ஏறக்குறைய பிரபஞ்சத்தின் வயது. அதே தோரியம் சிதைந்துபோகும் வரிசையில் கடைசிக்குச் சற்று முன்னால் பொலோனியம்-212 வருகிறது. அதன் ஆல்ஃபா துகளுக்கு ஆற்றல் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அரை ஆயுளோ ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரே பிடி மணலில் இந்த இரண்டும். இரண்டுக்கும் ஒரே சூத்திரம். வகுப்பில் இதை நடத்தும்போது கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். எந்த மந்திரமும் எந்த எண்ணமும் அந்த அரை ஆயுளை மாற்றியதில்லை.

இனி பதக்கத்துக்கு வருகிறேன். 'குவாண்டம்', 'ஸ்கேலார்', 'நெகட்டிவ் அயன்' என்ற பெயர்களில் உலகெங்கும் விற்கும் இப்படிப்பட்ட பொருட்களைச் சோதித்த இடங்களில், பலவற்றில் தோரியமும் யுரேனியமும் கலந்த தாதுப்பொடி இருந்தது. 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுசக்திப் பாதுகாப்பு ஆணையம் 10 பொருட்களில் கதிர்வீச்சு இருப்பதாகச் சொல்லி, அணிய வேண்டாம் என்று எச்சரித்தது. 2018-ல் தென் கொரியாவில், நெகட்டிவ் அயன் வருவதற்காக மோனசைட் பொடி சேர்த்த மெத்தைகளிலிருந்து கதிரியக்கமுள்ள ரேடான் வாயு வந்து, அவற்றை வீடு வீடாகத் திரும்ப வாங்க நேர்ந்தது. காற்றில் அயனிகளை, அதாவது மின்னூட்டம் பெற்ற அணுக்களை, உண்டாக்குவது அந்தத் தாதுவின் கதிர்வீச்சுதான். அந்த வகையில் 'குவாண்டம்' என்ற பெயர் பொய்யில்லை என்று விற்பவர் வாதிடலாம்! நம் கடப்புறத்து மக்கள் கதிர்வீச்சுக்குப் பயந்து மணல் எடுப்பதற்கு எதிராக மனு மேல் மனு கொடுக்கிறார்கள். அதே வகைத் தாதுவைக் காசு கொடுத்து வாங்கி நெஞ்சில் தொங்கவிடச் சொல்கிறது இன்னொரு கூட்டம். உங்கள் விளம்பரத்தில் வந்த பதக்கத்தில் என்ன இருக்கிறது என்று சோதித்தால்தான் தெரியும். வெறும் கல்லாகவும் இருக்கலாம். வெறும் கல்லுக்கு அந்த விலையா என்பது வேறு கேள்வி.

பரம்பரையாக வர்மம் தெரிந்த ஆசான்கள் உள்ள மாவட்டம் இது. கை வைத்தால் எங்கே வலி என்று சொல்லக்கூடியவர்கள். அவர்கள் யாரும் குவாண்டத்தைத் துணைக்குக் கூப்பிடவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கட்டுரையை வெளியிட்டது உங்கள் உரிமை. எதிர்த்து எழுதுவது என் உரிமை. விளம்பரம் அப்படியில்லை. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் சட்டம், தாயத்து, மந்திரம், கவசம் போன்றவற்றால் குறிப்பிட்ட நோய்கள் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. அத்தகைய விளம்பரத்தை வெளியிடுவதில் பங்கெடுப்பவரையும் அது விடுவதில்லை, பத்திரிகையும் அதில் அடக்கம். உங்கள் விளம்பரப் பிரிவினர் அந்தச் சட்டத்தின் அட்டவணையை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும். நீரிழிவும் ரத்த அழுத்தமும் அதில் பெயரோடு இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
மணவாளக்குறிச்சி அருகில், கன்னியாகுமரி மாவட்டம்.