வேலை செய்யாத பேக்கப் டிரான்ஸ்மிட்டரும், அதை மாற்ற என்னிடமே கேட்கும் பணமும்: புகார்

அனுப்புநர்:
வெள்ளிப் பாத்திரக் கடை உரிமையாளர்,
அல்சூர், பெங்களூரு.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: 3ஜி நிறுத்தப்பட்ட பிறகும் மாற்றப்படாத அலாரம் பேக்கப் டிரான்ஸ்மிட்டர் தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் பெங்களூரு கிளைக்கு ஆங்கிலத்தில் அனுப்பிய மெயில்களுக்கெல்லாம் டிக்கெட் எண் மட்டும்தான் பதிலாக வந்தது. தலைமை அலுவலகம் சென்னையில் இருப்பதால் இதைத் தமிழிலேயே எழுதுகிறேன். யாராவது ஒருவர் உட்கார்ந்து முழுதாகப் படிப்பார் என்ற நம்பிக்கைதான்.

என் கடையில் உங்கள் அலாரம் இருக்கிறது. ஷட்டரிலும் லாக்கரிலும் சென்சார், உள்ளே ஆள் நடமாட்டம் பார்க்கும் சென்சார், சுவரில் பேனல். ஏதாவது நடந்தால் பேனல் பிராட்பேண்ட் வழியாக உங்கள் கண்ட்ரோல் ரூமுக்குச் செய்தி அனுப்பும். பிராட்பேண்ட் இல்லையென்றால் சிம் போட்ட பேக்கப் டிரான்ஸ்மிட்டர் வழியாகப் போகும். விற்க வந்தபோது உங்கள் ஆள் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்: "கேபிளை வெட்டினாலும் சிம் பேசும் சார்." இதைவிடக் குறைந்த விலைக்கு வேறொருவர் கொடுக்கத் தயாராக இருந்தும் உங்களிடம் வாங்கியதற்குக் காரணம் அந்த ஒரு வாக்கியம்.

போன மாதம் எங்கள் தெருவில் கால்வாய் வேலைக்காகத் தோண்டினார்கள். பெங்களூரில் தெருவைத் தோண்டினால் தண்ணீர்க் குழாய்க்கு முன்னால் அறுந்துபோவது ஃபைபர் கேபிள்தான் என்று இங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். அன்று மாலையே நெட் போய்விட்டது. சரி, சிம் இருக்கிறதே என்று பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அன்று இரவு யாரோ ஷட்டர் பூட்டை நெம்பியிருக்கிறார்கள். சைரன் அடித்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உங்களிடம் கொடுத்து வைத்திருக்கும் எங்கள் வீட்டு எண்களில் ஒன்றுக்குக்கூட கண்ட்ரோல் ரூமிலிருந்து அழைப்பு வரவில்லை. எனக்குப் போன் செய்தது, கே.ஆர். மார்க்கெட்டுக்குப் பூ எடுக்க இருட்டோடு கிளம்பிய பூக்கார அக்கா. "அண்ணா, உங்க கடை கத்துது, ஒரு பக்கம் பூட்டு தொங்குது, சீக்கிரம் வாங்க" என்றார். போய்ப் பார்த்தால் ஷட்டர் ஒரு சாண் தூக்கிய நிலையில் நிற்கிறது. சத்தத்துக்குப் பயந்து ஓடியிருக்கிறார்கள். பொருள் எதுவும் போகவில்லை. போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனார்கள்.

உங்கள் டெக்னீஷியன் வந்து பெட்டியைத் திறந்தபோது நானும் பக்கத்திலேயே நின்றேன். நல்ல பையன், எதையும் மறைக்கவில்லை. பேக்கப் டிரான்ஸ்மிட்டரில் மிளகு அளவுக்கு ஒரு பச்சை விளக்கு. நெட்வொர்க் கிடைத்திருந்தால் அது சில விநாடிகளுக்கு ஒருமுறை நிதானமாக மினுக்க வேண்டுமாம். அது மூச்சு வாங்காமல் படபடவென்று மினுக்கிக்கொண்டே இருந்தது. "டவரைத் தேடுது சார்" என்றார். லேப்டாப்பை இணைத்துப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. அது 3ஜி மாடம், அதாவது சிம் வழியாக நெட்வொர்க்கோடு பேசும் பாகம். 2ஜியில் டேட்டா ரொம்ப மெதுவாக இருக்கிறது என்று, மாட்டும்போதே '3ஜி மட்டும்' என்று உங்கள் ஆட்களே செட்டிங்கைப் பூட்டியிருக்கிறார்கள். சிம் கொடுத்த நிறுவனம் ஊரில் 3ஜியை நிறுத்திவிட்டது. போதாததற்கு ஆன்டெனாவை இரும்பு அலமாரிக்குப் பின்னால் டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். டவர் இருந்தாலும் சிக்னல் திணறியிருக்கும். ஆக, இல்லாத டவரைத் தேடிக்கொண்டிருந்த பெட்டிக்கு நான் வருடாவருடம் பராமரிப்புக் கட்டணம் கட்டியிருக்கிறேன்.

எத்தனை காலமாக என்று கேட்டேன். நிகழ்வு அறிக்கை வேண்டும் என்று வற்புறுத்தி வாங்கினேன். ஒப்பந்தப்படி இரண்டு வழியிலும் தினம் ஒரு டெஸ்ட் சிக்னல் வர வேண்டும். நீங்கள் அனுப்பிய ஓராண்டு அறிக்கையில் பிராட்பேண்ட் டெஸ்ட் நாள் தவறாமல் பதிவாகியிருக்கிறது. பேக்கப் என்ற பத்தி மேலிருந்து கீழ்வரை காலி. அதற்கு முந்தைய பதிவுகள் அழிந்துவிட்டதாகக் கிளையில் சொல்கிறார்கள். சம்பவ நாளன்று மாலை பிராட்பேண்ட் வழி துண்டானதும் அதில் பதிவாகியிருக்கிறது; எடுத்த நடவடிக்கை என்ற இடத்தில் ஒரு எழுத்துகூட இல்லை.

என் முதல் புகார் இதுதான். 3ஜி மூடியது உங்கள் தவறு என்று நான் சொல்லவே இல்லை. அது தொலைபேசி நிறுவனத்தின் முடிவு. ஆனால் தினம் வர வேண்டிய டெஸ்ட் சிக்னல் வரவில்லை என்பதைக் கவனிப்பதற்கு 3ஜி, 4ஜி எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். கண்காணிப்பு என்று மாதக் கணக்கில் நீங்கள் வாங்கும் பணமே அதற்குத்தான். ஸ்டெப்னியில் காற்று இல்லை என்பது நடுரோட்டில் பஞ்சர் ஆன பிறகுதான் தெரியும் என்றால், சர்வீஸில் என்னதான் பார்த்தார்கள்?

"நெட்வொர்க்கைத் திடீரென்று மூடிவிட்டார்கள்" என்றார் உங்கள் கிளை மேலாளர். எது திடீர்? 2016 செப்டம்பரில் ஜியோ கடை விரித்தபோதே 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை, 4ஜி மட்டும்தான். ஏர்டெல் 2019-ல் கொல்கத்தாவில் தொடங்கி ஒவ்வொரு தொலைத்தொடர்பு வட்டமாக 3ஜியை நிறுத்தி அந்த அலைக்கற்றையை 4ஜிக்குத் திருப்பியது. 2ஜியை மட்டும் வைத்துக்கொண்டது. செய்தித்தாள் படிக்கும் எனக்கே தெரிந்த விஷயம் இது. வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் ஏடி&டி 2022 பிப்ரவரி 22-ல் 3ஜியை நிறுத்தியது. கொரோனாவால் வாடிக்கையாளர் வீடுகளுக்குள் போய்ப் பெட்டியை மாற்ற முடியவில்லை, அவகாசம் வேண்டும் என்று அங்குள்ள அலாரம் நிறுவனங்கள் அரசின் தொலைத்தொடர்பு ஆணையத்திடம் மனுவே போட்டன. ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் 2024 அக்டோபர் 28-ல் மூடத் தொடங்கின. உங்கள் தொழிலில் இருப்பவர்கள் உலகம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்த விஷயம் உங்கள் அலுவலகத்துக்கு மட்டும் எப்படி எட்டாமல் போனது?

அப்புறம் அந்த கொட்டேஷன். '4ஜி மேம்பாடு, வாடிக்கையாளர் விருப்பத்தின் பேரில்' என்று தலைப்பு. ரூ.14,800, அதன்மேல் 18% ஜி.எஸ்.டி., ஆகமொத்தம் ரூ.17,464. மூன்று ஆண்டுக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டால் தள்ளுபடி உண்டாம். நான் எந்த விருப்பமும் தெரிவிக்கவில்லை. பராமரிப்பு ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது. அதில் 'இரு வழித் தகவல் தொடர்பு' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். ஒரு வழி செத்துக் கிடக்கிறது. அதை உயிர்ப்பிப்பதற்குப் பெயர் பழுதுபார்ப்பு.

பணம் கட்ட மாட்டேன் என்றதும், செட்டிங்கை மாற்றி 2ஜியில் ஓடவிடலாம், செலவே இல்லை என்று கிளையில் ஒரு யோசனை சொன்னார்கள். தற்காலிகமாக நாளைக்கே செய்யுங்கள். ஆனால் அதோடு கணக்கை முடிக்கச் சம்மதிக்க மாட்டேன். 2ஜியையும் நிறுத்த வேண்டும் என்று ஜியோ பல ஆண்டுகளாக வெளிப்படையாகவே கேட்டு வருகிறது. அது இன்னும் எத்தனை காலம் என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. இதே கடிதத்தை இன்னொரு முறை எழுதும் உத்தேசம் எனக்கு இல்லை.

இங்கே மாடம் தொழிலில் இருக்கும் என் தங்கை மகனிடம் விசாரித்தேன். 4ஜியில் வேகம் குறைந்த கேட்-1 வகை மாடம் போதும், அலாரம் அனுப்பும் துளி டேட்டாவுக்கு அதுவே தாராளம் என்றான். ஆனால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளச் சொன்னான்: உங்கள் பேனல் என் போனுக்கு நேரடியாகவும் அழைக்கும். பழைய பெட்டிகளில் அந்த அழைப்பு 2ஜி, 3ஜி வழியாகப் போகும். 4ஜியில் அது போக வேண்டுமானால் மாடத்தில் வோல்ட்இ வசதி இருக்க வேண்டும். அது இல்லாத மாடத்தை மாட்டிவிட்டு, டேட்டா போகிறதே என்று சொல்லக் கூடாது.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. என் கடைக் காப்பீட்டில், அலாரம் வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. அன்றைக்குப் பொருள் போயிருந்தால் காப்பீட்டு நிறுவனத்திடம் அந்தக் காலிப் பத்தியைத்தான் நான் நீட்டியிருக்க வேண்டும்.

எனவே வோல்ட்இ உள்ள 4ஜி டிரான்ஸ்மிட்டரை உங்கள் செலவில் மாட்டித் தாருங்கள். ஆன்டெனாவை அலமாரிக்கு வெளியே கொண்டுவர வேண்டும். கடந்த ஓராண்டுக் கட்டணத்தில் பேக்கப்புக்கான பங்கைத் திருப்பித் தர வேண்டும். வேலை முடிந்ததும் என் கண் முன்னால் பிராட்பேண்ட் வயரைப் பிடுங்கி, மின்சாரத்தையும் அணைத்து, பேட்டரியில் மட்டும் பேனல் இருக்கும்போது ஷட்டரைத் தூக்குவேன். கண்ட்ரோல் ரூமிலிருந்து எனக்கு அழைப்பு வர வேண்டும். வந்த பிறகுதான் கையெழுத்து. இனி எந்த வழியிலாவது டெஸ்ட் சிக்னல் ஒருநாள் தவறினாலும் எனக்கு எஸ்.எம்.எஸ். வர வேண்டும். இதே மாடல் பெட்டி வைத்திருக்கும் மற்ற வாடிக்கையாளர்களுக்கும் உடனே தெரியப்படுத்துங்கள். என் பக்கத்துத் தெரு அடகுக் கடையிலும் அதே பச்சை விளக்கு படபடக்கிறது; நேற்றுதான் பார்த்தேன்.

கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் வேண்டும். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதிவு செய்துவிட்டு, சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கடைக்காரர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று உங்கள் கிளையில் ஒருவர் சட்டம் பேசினார். சொந்தப் பிழைப்புக்காக நானே உட்கார்ந்து நடத்தும் கடை இது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சுயதொழில்காரரை நுகர்வோராகத்தான் பார்க்கிறது என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

அறிக்கை, கொட்டேஷன், நெம்பிய பூட்டின் படம் மூன்றையும் இணைத்திருக்கிறேன். ஞாயிறு தவிர எந்த நாளும் காலை 10 மணிக்கு மேல் டெக்னீஷியன் வரலாம். வேலை முடியும்வரை அடுத்த ஆண்டுக்கான கட்டணம் கட்டப்பட மாட்டாது.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்