பாரம் பின்னால் போனால் ஸ்டிக்கில் விசையே இல்லை: உங்கள் கிட் விமானம் பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கும் வடிவமைப்புப் பொறியாளருக்கும்,

வணக்கம். உங்கள் இரண்டு இருக்கை விமானக் கிட்டை (வாங்குபவரே பூட்டிக் கட்டும் பாகத் தொகுப்பை) வாங்கி, என் கராஜிலேயே கட்டி, ஆய்வு முடித்து, இப்போது பறந்துகொண்டிருக்கிறேன். கிட்டின் தரத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. துளைகள் அச்சாகப் பொருந்தின, பாகம் எதுவும் விடுபடவில்லை. என் புகார் ஒன்றே ஒன்றுதான். மூக்கைத் தூக்கவும் தாழ்த்தவும் இந்த விமானம் ஸ்டிக்கில் (விமானி கையில் பிடித்து ஓட்டும் கோலில்) கேட்கும் கைவிசை மிகக் குறைவு, பாரம் பின்னால் போகப் போக அது கிட்டத்தட்ட காணாமலே போகிறது, இது உங்களுக்குத் தெரிந்தும் கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

தொலைபேசியில் உங்கள் ஆள் சொன்ன பதில்: "முன்கையைத் தொடையில் ஊன்றிக்கொள்ளுங்கள், இரண்டு விரலால் ஓட்டுங்கள், ஒரு மணி நேரத்தில் பழகிவிடும்." தொடையில் ஊன்றுவது நல்ல பழக்கம்தான், நானும் அப்படித்தான் ஓட்டுகிறேன். ஆனால் நான் கேட்டது எப்படி ஓட்டுவது என்று அல்ல. ஸ்டிக் விசை ஒரு ஜிக்கு (விமானத்தின் சொந்த எடை அளவு கூடும் ஒவ்வொரு மடங்கு சுமைக்கும்) எத்தனை பவுண்டு, ஈர்ப்பு மையம் (மொத்த எடையும் சமன்படும் புள்ளி) முன் எல்லையில் இருக்கும்போது எவ்வளவு, பின் எல்லையில் எவ்வளவு என்று கேட்டேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

சரி, நீங்கள் தராததால் நானே அளந்தேன். சோதனைக் காலத்தில் பயணியை ஏற்றக்கூடாது என்பதால் மணல் மூட்டைகளை இருக்கையிலும் சாமான் அறையிலும் கட்டி, ஈர்ப்பு மையத்தை நீங்கள் கொடுத்த பின் எல்லைக்குச் சற்று முன்வரை படிப்படியாக நகர்த்தினேன். மீன் எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசை ஸ்டிக்கின் கைப்பிடியில் மாட்டி, நேர்ப்பறப்பில் ட்ரிம் செய்து (கையை எடுத்தாலும் நிலையாகப் பறக்கும்படி அமைத்து), 60 டிகிரி சாய்வில் உயரம் குறையாமல் திரும்பினேன். அந்தத் திருப்பத்தில் சரியாக 2 ஜி வரும், ஆகவே தராசு காட்டுவதுதான் கூடுதல் ஒரு ஜிக்கான விசை. மையம் முன்னால் இருக்கும்போது கிட்டத்தட்ட 4 பவுண்டு. பின்னால் தள்ளியபோது ஒன்றரை பவுண்டு. தரையில் நிற்கும்போது ஸ்டிக்கை அசைக்கவே, அதாவது நைலான் புஷிங்கின் உராய்வை வெல்லவே, ஏறத்தாழ ஒரு பவுண்டு வேண்டும். எது உராய்வு, எது காற்று தரும் விசை என்று கைக்கு எப்படித் தெரியும்?

ஒப்பிட ஒரு கணக்கு. சான்றிதழ் பெற்ற சிறு விமானங்களுக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏவின் விதித்தொகுப்பு பகுதி 23-இல் 23.155 என்ற விதி இருந்தது (2017-இல் அந்தத் தொகுப்பை மாற்றி எழுதும்வரை). ஸ்டிக் வைத்த விமானத்தில், வரம்புச் சுமையை (பறப்பில் விமானம் தாங்க வேண்டிய உச்சச் சுமையை) எட்டத் தேவைப்படும் விசை 15 பவுண்டுக்குக் குறையக்கூடாது, அல்லது எடையை 140-ஆல் வகுத்து வருவது அதிகமானால் அதற்குக் குறையக்கூடாது. 1,320 பவுண்டு விமானத்துக்கு வகுத்தால் ஒன்பது சொச்சம்தான் வருகிறது, ஆகவே 15. வரம்பு 3.8 ஜி என்று வைத்தால் ஜிக்கு ஐந்து பவுண்டுக்கு மேல். என் விமானமோ பின்பாரத்தில் நாலு பவுண்டு சொச்சத்தில் அதே வரம்புக்குப் போய்விடும். ஒரு காலன் பெட்ரோல் 6 பவுண்டு. அதைவிடக் குறைந்த இழுப்பில் விமானத்தின் சட்டகத்தை அதன் எல்லைக்குக் கொண்டுபோகலாம் என்பது எனக்கு "உற்சாகமான கையாளுதல்" ஆகத் தெரியவில்லை. வீட்டில் கட்டும் விமானத்துக்கு இந்த விதி பொருந்தாது என்பீர்கள். பொருந்தாது, தெரியும். ஆனால் விதி இல்லை என்பதற்காக அளக்கவும் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. சிறு விமானங்களைப் பறக்கவிட்டுச் சோதிக்கும் அமெரிக்க அமைப்பான கஃபே அறக்கட்டளை 1990-களிலேயே வீட்டில் கட்டிய பல விமானங்களை அளந்து, ஸ்டிக் விசை வரைபடங்களோடு அறிக்கை வெளியிட்டது.

இதில் எனக்கு அதிகக் கோபம் வருவது எரிபொருள் தொட்டி விஷயத்தில். தொட்டி இன்ஜினுக்கும் எங்கள் முழங்காலுக்கும் நடுவில் இருக்கிறது. நிறைய 16 காலன், அதாவது 96 பவுண்டு முன்னால். பறக்கப் பறக்க அது குறைகிறது, மையம் பின்னால் போகிறது. ஆக, ஸ்டிக் மிக இலேசாக இருக்கும் நேரம் எது தெரியுமா? இரண்டு பேர், பின்னால் பைகள், தொட்டியில் மிச்சசொச்சம், தரையிறங்கப் போகிறோம், ஓடுபாதைக்கு மேலே மூக்கைத் தூக்க வேண்டிய அந்த விநாடி. விரல் கொஞ்சம் அதிகம் இழுத்தால் விமானம் எழும்பும், சரிசெய்யத் தள்ளினால் முன்சக்கரம் முந்தும், மறுபடி இழுத்தால் அலைபோல ஆடும். உங்கள் கையேட்டின் எடைச் சமநிலை உதாரணம் தொட்டி நிறைந்த புறப்பாட்டோடு முடிந்துவிடுகிறது! அதே உதாரணத்தை தொட்டியில் 3 காலனோடு நானே போட்டுப் பார்த்தேன். மையம் பின் எல்லையைத் தாண்டிவிட்டது. அச்சடிப்பதற்கு முன் உங்களில் ஒருவராவது இதைப் போட்டுப் பார்த்தீர்களா?

ஆஷ்கோஷ் விமானக் கண்காட்சியில் உங்கள் கூடாரத்தில் முன்பணம் கட்டியதே மாதிரி விமானத்தில் என்னை ஏற்றிக் காட்டிய பிறகுதான். தொட்டி நிறைய, சாமான் அறை காலி. நன்றாகத்தான் பறந்தது. இப்போது ஏன் என்று தெரிகிறது.

அப்புறம் அந்த "ஒரு துளை உள்ளே" கதை. இந்த விமானத்தின் கிடைவால் முழுதாக அசையும் வகை. அதன் பின்விளிம்பில் இருக்கும் எதிர்சர்வோ டேப் என்ற சிறு மடல், வால் போகும் அதே திசையில் இன்னும் அதிகமாகப் போய், காற்றின் எதிர்ப்பைக் கைக்குத் தர வேண்டும். டேப்பின் கொம்பில் தண்டு மாட்டும் துளையைக் கீலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் டேப் அதிகம் அசையும், ஸ்டிக் கனக்கும். "சிலர் அப்படித் துளை போட்டுக்கொள்கிறார்கள்" என்று உங்கள் ஆளே சொன்னார், எழுத்தில் கேட்டதும் பின்வாங்கினார். அந்தத் தண்டிலும் டேப்பிலும் கை வைத்தால் ஃப்ளட்டர் (காற்று வேகத்தில் பாகம் தானாகப் படபடத்து உடைவது) கணக்கு மாறலாம். அது என் கராஜில் டிரில்லோடு நான் முடிவுசெய்யும் காரியமல்ல, உங்கள் பொறியாளர் கணக்குப் போட்டு, சோதித்து, கையெழுத்திட வேண்டியது. மின் ட்ரிம்மும் இதே டேப்பைத்தான் நகர்த்துகிறது, அதன் வேகமும் அதிகம். பயண வேகத்தில் பொத்தானைத் தொட்டாலே மூக்கு துள்ளுகிறது.

இது என் ஒருவனின் கைராசி என்று தள்ளிவிடாதீர்கள். 2009 ஏப்ரலில் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஜெனித் சிஹெச் 601 எக்ஸ்எல் என்ற சிறு விமானம் பற்றி எஃப்ஏஏவுக்கு அவசரப் பரிந்துரை அனுப்பியபோது, முதன்மைக் கவலை ஃப்ளட்டர். ஆனால் அதே கடிதத்தில், ஸ்டிக் விசையின் தன்மையால் விமானி அறியாமலே அதிகம் இழுத்துவிடக்கூடும் என்பதையும் சேர்த்தே எழுதியது.

எனக்கு வேண்டியது: முன், பின் எல்லைகளில் நீங்கள் அளந்த ஸ்டிக் விசை எண்கள், அளக்கவில்லை என்றால் அதையும் எழுத்தில் சொல்லுங்கள். அளந்து முடிக்கும்வரை பின் எல்லையைத் தற்காலிகமாக முன்னால் கொண்டுவந்து, இந்த கிட்டை வாங்கிய எல்லோருக்கும் சேவைக் கடிதம் அனுப்புங்கள். எடைச் சமநிலை உதாரணத்தில் தரையிறக்கக் கணக்கையும் சேர்த்துத் திருத்துங்கள். டேப் கொம்புக்கு அங்கீகரித்த திருத்தப் பாகமும் ட்ரிம்முக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் இலவசமாக வேண்டும், ஏனென்றால் இது நான் ஆசைப்பட்டுக் கேட்கும் கூடுதல் வசதி அல்ல.

அளவுத் தாள், எடைக் கணக்கு, ஸ்டிக்கில் தராசு மாட்டிய படம் மூன்றையும் இணைத்திருக்கிறேன். 30 நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால் இதே தாள்களை எஃப்ஏஏவுக்கு அனுப்புவேன். அதுவரை நான் தனியாகத்தான் பறப்பேன், தொட்டி பாதிக்குக் கீழே போகாமல்.

இப்படிக்கு,
உங்கள் கிட்டைக் கட்டிய வாடிக்கையாளர்