ஞாயிறு மரவேலை: பழைய தேக்கு வந்திருக்கிறது

மரவேலைக் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

வரும் ஞாயிறு காலை 9 முதல் 12.30 வரை, பி பிளாக் பின்புறக் கொட்டகையில் கூடுகிறோம். இடித்த பழைய வீட்டிலிருந்து தேக்கு ஜன்னல் சட்டங்களும் ஒரு கதவு நிலையும் கிடைத்திருக்கின்றன. ஓரத்தில் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தேன். ரேகை நெருக்கமாக, எண்ணெய்ப் பசையோடு அப்படியே இருக்கிறது. இதை விறகாகப் போக விடக் கூடாது. முக்காலியும் சுவர் அலமாரியும் செய்யலாம்.

1. குறடு, சுத்தியல், இழைப்புளி இருப்பவர்கள் எடுத்து வாருங்கள்.
2. அறுக்கும் முன் ஒவ்வொரு கட்டையிலும் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். தலை உடைந்த ஆணி உள்ளேயே கிடக்கும். பட்டால் இழைப்புளி அலகு போச்சு.
3. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்தபடி உப்புத்தாள் போட வேண்டாம், நனைத்துத்தான் சுரண்டுவோம். என்95 முகக்கவசம் கட்டாயம். குழந்தைகளை இந்த முறை அழைத்து வராதீர்கள்.
4. காற்றில் விழுந்த வேப்பங்கிளை இன்னும் பச்சை. ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் காய வேண்டும் என்பது பொதுக் கணக்கு. அதனால் ஞாயிறன்று பலகையாக அறுத்து, இடையிடையே சிறு கட்டை கொடுத்து நிழலில் அடுக்குவோம். வெட்டுமுனைகளில் உடனே மெழுகு பூச வேண்டும், இல்லாவிட்டால் அங்கிருந்துதான் வெடிப்பு ஓடும்.
5. வீட்டில் பழைய மரம் கிடந்தால் படம் அனுப்புங்கள். கரையான் அரித்தது மட்டும் வேண்டாம்.

வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயர், வீட்டு எண், கொண்டு வரும் கருவி மூன்றையும் இங்கே பதிவிடுங்கள்.