விளம்பரப் படங்களில் பொய் வெயில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தண்டையார்பேட்டையில் கட்டடங்களுக்கு எலிவேஷன் (முகப்புப் படம்), 3டி வியூ வரைந்து கொடுப்பது என் தொழில். ஞாயிற்றுக்கிழமை வீடு-மனைப் பக்கத்தில் எங்கள் பகுதியில் எழும்பும் ஒரு அடுக்குமாடியின் படம் பார்த்தேன். வடக்குப் பார்த்த முகப்பு. டிசம்பரில் குடியேறலாமாம். படத்தில் முகப்பு முழுக்கப் பொன்வெயில்!

சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பரில் சூரியன் தென்கிழக்கே உதித்துத் தென்மேற்கே மறையும். வடக்குச் சுவரில் நாள் முழுக்க ஒரு கீற்று வெயில் படாது. உச்சிவேளையிலேயே 10 மீட்டர் கட்டடத்தின் நிழல் வடக்கே 7 மீட்டருக்கு மேல் நீளும். எங்கள் சந்துகளில் அது எதிர்வீட்டுச் சுவரில் ஏறிவிடும்.

நிழலின் ஓரத்தைக் கரைப்பதை இப்போது வரையும் பிள்ளைகள் பலர் அலங்காரம் என்றே நினைக்கிறார்கள். படம் முழுக்க ஒரே அளவு பிளர் கொடுக்கிறார்கள். சூரியன் புள்ளியல்ல, வானத்தில் அரை டிகிரி அகல வட்டம். அதனால் நிழல் தள்ளி விழ விழ அதன் ஓரம் மங்கும். சன்ஷேடை ஒட்டிச் சுவரில் விழும் நிழல் கத்தியால் கீறியது போல இருக்கும். 10 மீட்டர் தள்ளி விழும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் நிழலோ, ஓரத்தில் சுமார் 9 சென்டிமீட்டர் அகலத்துக்கு மங்கும். 1856-ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத் தூண்களை வெயில் படும்போது பாருங்கள். தூணடியில் நிழல் கூர்மை, நுனிக்குப் போகப் போகக் கரைசல். நிழலுக்குள்ளும் கறுப்பு இல்லை. வானத்து நீலமும் தரையிலிருந்து எழும் வெளிச்சமும் கலந்திருக்கும். படத்துக்கு ஒளி-நிழல் சேர்க்கும் வி-ரே மென்பொருளில் சூரியனின் அளவை 1-லேயே விட்டால் இந்த ஓரம் தானாக அமையும். அதைப் பத்து மடங்கு ஏற்றுவது ஏன்? கட்டடத்தை 3டி-யில் வரையும் ஸ்கெட்ச்அப் மென்பொருளில் ஊர், தேதி, நேரம் கொடுத்தால் நிழலின் திசையும் சரியாக வந்துவிடும்.

இதைவிடக் கொடுமை, பக்கத்து வீடுகளை அழித்துவிட்டுப் புல்தரை போடுவது. தெற்கே ஒட்டி நிற்கும் நாலு மாடி வீட்டை வைத்தால் பால்கனி இருட்டாகத் தெரிகிறது, எடுத்துவிடுங்கள் என்று ஒரு பில்டர் என்னிடமே கேட்டார். மறுத்தேன், வேலை வேறு ஆளிடம் போனது. அந்தப் படத்தை நம்பி நகையை அடகு வைத்து அட்வான்ஸ் கட்டும் குடும்பம், பகலிலேயே ட்யூப்லைட் போட்டுக்கொண்டு உட்காரப் போகிறது. விளம்பரத்தில் சொன்ன தவறான தகவலை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு உண்டு என்கிறது 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12-ஆவது பிரிவு. நிழலும் தகவல்தானே!

அதனால் உங்கள் விளம்பரப் பிரிவுக்கு ஒரு வேண்டுகோள். அடுக்குமாடிப் படம் எதுவானாலும் அக்கம்பக்கத்துக் கட்டடங்களோடு தரச் சொல்லுங்கள். படத்தின் கீழே ‘டிசம்பர் 21, காலை 10 மணி, வடக்கு முகப்பு’ என்பதுபோல் ஒரு வரி போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கட்டட வரைகலைஞர்,
தண்டையார்பேட்டை, சென்னை.