வாசலுக்கு வரும் சோலார் பொய்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்து ஊர்களில் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டுமாகச் சிலர் வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். “இ.பி.யிலிருந்து வருகிறோம்” என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். அப்புறம் கரண்ட் பில், ஆதார் எல்லாம் கேட்பார்கள். சோலார் வைக்காவிட்டால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் 100 யூனிட் இலவசம் நின்றுவிடும் என்று மிரட்டுகிறார்கள். இது சுத்தப் பொய். மொட்டைமாடியில் சோலார் வைப்பது விருப்பப்பட்டவர்கள் மட்டும் சேரும் திட்டம்.

பிள்ளைகள் வளைகுடாவில் இருக்க, வயதான பெற்றோர் மட்டும் வாழும் வீடுகள் நம் மாவட்டத்தில் நிறைய. அந்த வீடுகளாகப் பார்த்துத்தான் வருகிறார்கள். எங்கள் தெருவில் ஓர் அக்காவிடம் “பெயர் பதியத்தான்” என்று சொல்லி ஓடிபி வாங்கியிருக்கிறார்கள். அது கடனுக்கான ஒப்புதல் என்பது வெளிநாட்டிலிருக்கும் மகன் விசாரித்த பிறகுதான் தெரிந்தது. கணவர் போன பிறகு தனியாக இருப்பவரிடம் இப்படிச் செய்ய எப்படித்தான் மனம் வருகிறதோ!

திட்டத்தைக் குறை சொல்லவில்லை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 மானியம் உண்டு. பேனல் பொருத்தி, மின்வாரியம் சோதித்து, நெட் மீட்டர் (நாம் எடுக்கும் மின்சாரத்தையும் திருப்பிக் கொடுப்பதையும் கணக்கிடும் மீட்டர்) வைத்த பிறகு அந்தப் பணம் நம் வங்கிக் கணக்குக்கே நேராக வரும். ஆகவே “மானியத்தை வாங்கித் தர முன்பணம் கொடுங்கள்” என்று எவர் கேட்டாலும் நம்ப வேண்டாம். பேனல் உள்நாட்டுத் தயாரிப்பாக இல்லாவிட்டால் மானியமே கிடையாது. மலிவு விலை பேசுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை. கடன் தேவைப்பட்டால் அரசு வங்கிகளிலேயே ஈடு இல்லாமல் கிடைக்கிறது.

இன்னொன்று. விளவங்கோடு, கல்குளம் பக்கம் வீட்டைச் சுற்றித் தென்னையும் ரப்பரும்தான். பேனலில் நிழல் விழுந்தால் மின்சாரம் குறையும். நமக்கோ இரண்டு பருவமழை. மொட்டைமாடியில் ஏறி நிழல் எங்கே விழுகிறது என்று பார்க்காமல் திண்ணையில் உட்கார்ந்தே “இனி பில்லே வராது” என்பவரை அப்படியே திருப்பி அனுப்பிவிடலாம்.

மின்வாரியத்துக்கு ஒரு வேண்டுகோள். பதிவுபெற்ற நிறுவனங்களின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது, சரி. ஆனால் எழுபது வயதுக்காரர் அதை எங்கே போய்த் தேடுவார்? ஒவ்வொரு பிரிவு அலுவலகத்திலும் தமிழில் ஒட்டுங்கள். ரீடிங் எடுக்க வருபவர் கையில் ஒரு துண்டறிக்கை கொடுத்தனுப்புங்கள். தேவாலயம், கோவில், பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளிலும் அறிவிக்கச் சொல்லலாம். ஏற்கெனவே பணம் இழந்தவர்கள் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும். சேவைக் குறைபாடு என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. நாகர்கோவிலில் நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை.

இந்த எண்களையும் பதிவுபெற்ற நிறுவனங்களின் பட்டியலையும் உங்கள் இதழில் பெரிய எழுத்தில் வெளியிட்டால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்